வாகனத்தில் பொருத்திய ஆண்டெனாவின் மின்காந்தச் சிதறல்: கணிக்கவும் அளக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டெனா என்றால் அலையை வாங்குவது, அல்லது அனுப்புவது என்ற அளவில்தான் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஆனால் வாங்கும் நிலையில் உள்ள ஒவ்வோர் ஆண்டெனாவும் தன் மீது விழுந்த ஆற்றலில் ஒரு பங்கை மீண்டும் வெளியே வீசுகிறது. இந்தச் சிதறல் அலை சில இடங்களில் பொருட்படுத்தத் தேவையற்றது. சில இடங்களில் அதுவே முழுச் சிக்கலும் ஆகிவிடுகிறது. ஒரே கூரையில் நான்கைந்து ஆண்டெனாக்களை வைக்கும்போது ஒன்றின் கதிர்வீச்சு வடிவத்தை மற்றொன்று கெடுப்பதும், திசை காணும் கருவி தவறான கோணத்தைக் காட்டுவதும், ரேடாருக்கு எளிதில் தெரியக்கூடாத வாகனம் ஒரு சிறு கம்பியால் தெரிந்துவிடுவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

தனியே நிற்கும் ஆண்டெனாவைப் பற்றிய பாடங்கள் ஏராளம். வாகனத்தின் மீது அமர்ந்த ஆண்டெனாவை அணுகும்போது மட்டும் இரண்டு விஷயங்கள் தொடர்ந்து மறக்கப்படுகின்றன. ஆண்டெனாவின் முனையில், அதாவது கேபிள் சேரும் இடத்தில், என்ன இணைக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. அதன் கீழே இருக்கும் உலோக உடல் எப்படிப்பட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சொல்லாமல் "இந்த ஆண்டெனாவின் ரேடார் குறுக்குப் பரப்பு இவ்வளவு" என்று ஓர் எண்ணைத் தருவது பொருளற்றது; ரேடார் குறுக்குப் பரப்பு என்பது, ஒரு பொருள் ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைச் சதுர மீட்டரில் சொல்லும் அளவு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டே நகர்கின்றன.

முதல் படி: கேள்வியைச் சரியாக வரையறுத்தல்

கணினியைத் திறப்பதற்கு முன் நான்கு விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்தத் திசையில் நாம் அதைப் பார்க்கிறோம். முனைவாக்கம், அதாவது அலையின் மின்புலம் அதிரும் திசை, செங்குத்தா, கிடைமட்டமா, வட்டமா. அதிர்வெண் ஆண்டெனாவின் பணிப்பட்டைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா. நமக்கு வேண்டியது தொலைபுலச் சிதறலா, அதாவது வெகு தொலைவில் தெரியும் சிதறலா, அல்லது பக்கத்து ஆண்டெனாவில் ஏற்படும் பாதிப்பா. அனுப்பும் இடமும் பார்க்கும் இடமும் ஒன்றாக இருந்தால் கணக்கு ஒரு விதம், வெவ்வேறாக இருந்தால் வேறு விதம்.

அடுத்து, வாகனத்தின் நீளத்தை மீட்டரில் நினைப்பதை விட்டுவிட்டு அலைநீளத்தில் நினைக்கப் பழக வேண்டும். 4.5 மீட்டர் நீளமுள்ள கார், 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை வானொலிக்கு ஒன்றரை அலைநீளம் மட்டுமே. அங்கே கார் முழுவதும் ஆண்டெனாவின் ஓர் உறுப்பு. வாகனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 5.9 கிகாஹெர்ட்ஸில் அதே கார் ஏறத்தாழ 89 அலைநீளம். 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு அது 1,150 அலைநீளத்துக்கும் மேல். முதலாவதில் உடல் முழுவதும் ஒத்ததிர்கிறது. கடைசியில் அலை ஒளிக்கதிர் போல நடந்துகொள்கிறது. ஒரே கார் என்பதால் ஒரே அணுகுமுறை போதும் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாம் படி: சிதறலை இரண்டாகப் பிரித்தல்

இந்தத் துறையின் அடித்தளம் 1960களில் போடப்பட்டது. 1963இல் ராபர்ட் கிரீன் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வும், ரோஜர் ஹாரிங்டன் சுமையேற்றிய சிதறிகள் (முனையில் மின்தடை போன்ற சுமை இணைத்த சிதறும் பொருட்கள்) பற்றி அதே காலத்தில் எழுதியவையும் காட்டியது இதுதான்: ஆண்டெனாவின் சிதறல் புலம் இரண்டு பகுதிகளின் கூட்டல். ஒன்று, கட்டமைப்புப் பகுதி. முனையில் ஒரு குறிப்பிட்ட சுமை இருக்கும்போது, அந்த உலோக வடிவம் எப்படியும் சிதறடிக்கும் அலை இது. மற்றொன்று, ஆண்டெனாப் பகுதி. வாங்கிய ஆற்றல் முனைக்குப் போய், அங்கே சுமையோடு பொருந்தாமல் பிரதிபலித்துத் திரும்பி, ஆண்டெனாவின் சொந்தக் கதிர்வீச்சு வடிவத்திலேயே வெளியேறும் அலை இது. இரண்டும் கலப்பு எண்கள். வீச்சாகவும் கட்டமாகவும் (அலை தன் சுழற்சியில் இருக்கும் நிலை) கூடுகின்றனவே தவிர, சதுர மீட்டராகக் கூடுவதில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை அகற்ற வேண்டும். "பொருத்தமான சுமை இணைத்துவிட்டால் ஆண்டெனா சிதறடிக்காது" என்று பலர் நம்புகிறார்கள். அரை அலைநீள டைபோலை, அதாவது நடுவில் முனை கொண்ட நேர்க்கம்பி ஆண்டெனாவை, எடுத்துப் பாருங்கள். சுமை முழுமையாகப் பொருந்தியிருக்கும்போதும் அதன் குறுக்குப் பரப்பு, நேர் எதிரே பார்த்தால், அலைநீளத்தின் வர்க்கத்தைப் போல் 0.21 மடங்கு இருக்கிறது. அது உறிஞ்சும் அளவு ஆற்றலையே சிதறடிக்கவும் செய்கிறது. முனையைக் குறுக்கிணைத்தால் (ஷார்ட் செய்தால்) கட்டமைப்புப் பகுதியும் ஆண்டெனாப் பகுதியும் ஒரே கட்டத்தில் சேர்ந்து வீச்சு இரட்டிப்பாகிறது. குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகி 0.86 அலைநீள வர்க்கம் ஆகிறது. முனையைத் திறந்துவிட்டால் இரண்டும் எதிர்க்கட்டத்தில் மோதி ஏறக்குறைய அழிந்துவிடுகின்றன. கம்பி இரண்டு கால் அலைநீளத் துண்டுகளாகிவிடுகிறது என்று நினைத்தால் காரணம் புரியும். ஒரே கம்பி, மூன்று நிலைகள். 100 மெகாஹெர்ட்ஸில் இது பொருத்தமான சுமைக்கு 1.9 சதுர மீட்டர், குறுக்கிணைப்புக்கு 7.7 சதுர மீட்டர். 5.9 கிகாஹெர்ட்ஸில் முறையே 5.5 சதுர செ.மீ., 22 சதுர செ.மீ.

ஆண்டெனாப் பகுதியின் அளவைக் கணிக்க ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஆண்டெனாவின் ஈட்டத்தை, அதாவது கெயினை, வர்க்கப்படுத்தி, அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, சுமையின் பிரதிபலிப்புக் குணகத்தின் (முனைக்கு வந்த அலையின் வீச்சில் திரும்பும் பங்கு) வர்க்கத்தாலும் பெருக்கி, 4 பையால் வகுக்க வேண்டும். ஈட்டம் இரண்டு முறை வருவதற்குக் காரணம், ஆண்டெனா வாங்கும்போது ஒரு முறையும் திரும்ப வீசும்போது மறுமுறையும் செயல்படுவதே. 10 கிகாஹெர்ட்ஸில் 20 டெசிபெல் ஈட்டமுள்ள ஆண்டெனாவின் முனை முழுவதும் பிரதிபலித்தால் 0.72 சதுர மீட்டர் கிடைக்கிறது. அதே முனையில் 20 டெசிபெல் பொருத்தம் இருந்தால், அதாவது நூறில் ஒரு பங்கு ஆற்றலே திரும்பினால், 0.0072 சதுர மீட்டர். முனைப் பொருத்தத்தில் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு டெசிபெலும் ஆண்டெனாப் பகுதியில் அப்படியே ஒரு டெசிபெல் குறைவாக வந்துசேர்கிறது.

ஓர் எச்சரிக்கை. கட்டமைப்புப் பகுதி என்பது இயற்கை கொடுத்த தனிப்பொருள் அல்ல. எந்தச் சுமையை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். சிலர் குறுக்கிணைப்பை எடுப்பார்கள், சிலர் 50 ஓமை எடுப்பார்கள், சிலர் இணையெண் பொருத்தத்தை (ஆண்டெனாவிலிருந்து உச்ச ஆற்றலை வாங்கும் சுமையை) எடுப்பார்கள். எதை எடுத்தாலும் மொத்தப் புலம் ஒன்றே. ஆனால் எடுத்தது எது என்று எழுதாவிட்டால் இருவருடைய முடிவுகளை ஒப்பிடவே முடியாது.

மூன்றாம் படி: சுமையையும் கேபிளையும் கணக்கில் கொள்ளுதல்

ஆண்டெனாவின் அடியில் நேரடியாகச் சுமை இருப்பதில்லை. கூரையிலிருந்து வானொலிப் பெட்டி வரை ஒரு கோஆக்சியல் கேபிள் ஓடுகிறது. அதன் நீளம் 3 மீட்டர் என்றும், அதில் அலையின் வேகம் வெற்றிடத்தில் இருப்பதைப் போல் 0.66 மடங்கு என்றும் கொள்வோம். ஆண்டெனா வாங்கிய அலை கேபிளின் மறுமுனை வரை போய்த் திரும்ப சுமார் 30 நானோ நொடி ஆகும். ரேடாரின் கண்ணுக்கு 30 நானோ நொடி தாமதம் என்பது 4.5 மீட்டர் கூடுதல் தொலைவு. அதாவது ஆண்டெனாவிலிருந்து வரும் எதிரலையின் ஒரு பகுதி, ஆண்டெனாவுக்கு 4.5 மீட்டர் பின்னால், வாகனமே இல்லாத வெற்றிடத்தில் இருந்து வருவது போலத் தோன்றும். இந்தப் பொய்ப் புள்ளியைப் பார்த்துவிட்டு அளவீட்டு அறையின் பின்சுவரில் அலையை உறிஞ்சும் ஓடுகள் பெயர்ந்திருக்கின்றனவா என்று இரண்டு நாள் தேடியிருக்கிறேன். கேபிளை ஒரு மீட்டர் கூடுதலான மற்றொன்றால் மாற்றியதும் புள்ளி ஒன்றரை மீட்டர் பின்னால் நகர்ந்தது. அப்போதுதான் அது சுவரின் வேலை அல்ல என்று உறுதியானது.

அதிர்வெண்ணில் பார்த்தால் இதே விளைவு அலையலையான ஏற்ற இறக்கமாகத் தெரியும். மேலே சொன்ன கேபிளுக்கு ஒவ்வொரு 33 மெகாஹெர்ட்ஸுக்கும் ஒரு ஏற்றம். ஆகவே ஒற்றை அதிர்வெண்ணில் எடுத்த அளவை நம்ப வேண்டாம். ஏற்றத்தில் அளந்தீர்களா, இறக்கத்தில் அளந்தீர்களா என்று யாராலும் சொல்ல முடியாது.

மின்சாரம் கொடுக்கப்பட்ட நிலையும் முக்கியம். ஆண்டெனாவின் அடியிலேயே குறையிரைச்சல் பெருக்கி வைத்திருக்கும் வகைகளில், பெருக்கி இயங்கும்போது ஒரு மின்மறுப்பும் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) அணைந்திருக்கும்போது வேறொன்றும் இருக்கும். நிறுத்திவைத்த வாகனத்தில் அளந்த சிதறல், இயங்கும் வாகனத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

நான்காம் படி: வாகன உடலைச் சேர்த்தல்

கூரையின் நடுவில் நிற்கும் கால் அலைநீள மோனோபோல் (ஒற்றைக் கம்பி ஆண்டெனா), கூரை எல்லையற்ற உலோகத் தளமாக இருந்தால் தன் பிம்பத்தோடு சேர்ந்து டைபோல் போல நடக்கும்; ஈட்டம் தனி டைபோலைப் போல் இரு மடங்காகும். உண்மையான கூரைக்கு விளிம்பு இருக்கிறது. விளிம்பு விளைவால், பல அலைநீளம் பெரிதான கூரையிலும் அடிவானத் திசையில் ஈட்டம் எல்லையற்ற தளத்தின் மதிப்பைவிட ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. வடிவத்தின் உச்சி மேல்நோக்கிச் சாய்கிறது. தரையிலுள்ள ரேடார் பார்ப்பது இந்த அடிவானத் திசையிலிருந்துதான். அலை வரும்போது 6, போகும்போது 6 என ஆண்டெனாப் பகுதி 12 டெசிபெல் குறைந்துவிடும். எல்லையற்ற தளத்தை வைத்துக் கணித்தவர் இதனால் பதினாறு மடங்கு மிகையாகச் சொல்லியிருப்பார்.

உடலுக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே அலை பல வழிகளில் குதிக்கிறது. நேராக ஆண்டெனாவுக்கு வந்து நேராகத் திரும்புவது ஒரு வழி. கூரையில் பட்டு ஆண்டெனாவுக்கு வந்து நேராகத் திரும்புவது இன்னொரு வழி. அதன் தலைகீழ் மூன்றாவது. இரு முறையும் கூரையில் பட்டுத் திரும்புவது நான்காவது. இந்த நான்கும் கட்டத்தோடு கூட வேண்டும். செங்குத்தான ஆண்டெனா உறையும் கிடைமட்டக் கூரையும் செங்கோணத்தில் சந்திக்கும் இடத்தில், இந்தக் குதிப்புகள் வந்த வழியே திரும்பும் தன்மை உடையவை என்பதால், சிறிய அடிப்பாகமும் எதிர்பாராத அளவு பெரிய எதிரலையைத் தரக்கூடும். என் கருத்தில், வாகன ஆண்டெனாச் சிதறலில் அதிகம் கவனிக்கப்பட வேண்டிய இடம் கம்பியின் நுனி அல்ல, அடிப்பாகம்தான்.

ஆண்டெனாவின் எதிரலையையும் வாகனத்தின் எதிரலையையும் தனித்தனியே கணித்துக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். குதிப்புகள் சிறிதாக இருந்தால்கூட அது எளிதல்ல. ஆண்டெனா உடலைவிட 20 டெசிபெல் சிறியதாக இருந்தால் மொத்தம் கூடினால் 0.8, குறைந்தால் 0.9 டெசிபெல் ஊசலாடும். 10 டெசிபெல் மட்டுமே சிறியதாக இருந்தால் கூடினால் 2.4, குறைந்தால் 3.3 டெசிபெல் என இடைவெளி திறக்கிறது. கட்டம் தெரியாமல் இந்த ஊசலாட்டத்தில் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வழியில்லை.

கண்ணாடியை மறந்துவிட வேண்டாம். வாகனக் கண்ணாடியின் மின்கடத்தாப் பொருள் மாறிலி 6 முதல் 7 வரை. 5.9 கிகாஹெர்ட்ஸில் கண்ணாடிக்குள் அலைநீளம் ஏறத்தாழ 2 செ.மீ.; எனவே 5 மி.மீ. தடிமன் என்பது சரியாகக் கால் அலைநீளம், அதாவது பிரதிபலிப்பு உச்சத்தை எட்டும் தடிமன். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியோ ஏறக்குறைய உலோகத் தகடாகவே நடந்துகொள்ளும். வாகன மாதிரியில் சன்னல்களை வெறும் ஓட்டைகளாக விட்டுவிடுவது 100 மெகாஹெர்ட்ஸில் மன்னிக்கத்தக்கது, 5.9 கிகாஹெர்ட்ஸில் மன்னிக்கத்தக்கதல்ல.

ஐந்தாம் படி: கணக்கிடும் முறையைத் தேர்தல்

கையில் என்ன மென்பொருள் இருக்கிறதோ அதில் கணக்கை ஓட்டிப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் எளிய மதிப்பீடு ஒன்றைச் செய்யுங்கள். உந்த முறையில் (உடலின் பரப்பைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றில் ஓடும் மின்னோட்டங்களை மாறிகளாக வைத்துத் தீர்க்கும் முறை), 1982இல் சதாசிவ ராவ், டொனால்ட் வில்டன், ஆலன் கிளிஸன் ஆகியோர் தந்த முக்கோண அடிப்படைச் சார்புகளைக் கொண்டு, முக்கோணப் பக்கத்தை அலைநீளத்தில் பத்தில் ஒன்றாக வைத்தால், ஒரு அலைநீள வர்க்கப் பரப்புக்கு ஏறத்தாழ 350 மாறிகள் தேவைப்படும். காரின் வெளிப்பரப்பை 30 சதுர மீட்டர் என்று கொள்வோம். 100 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1,150 மாறிகள். அணியைச் சேமிக்க 21 மெகாபைட் போதும், மடிக்கணினியில் நொடிகளில் முடியும். 5.9 கிகாஹெர்ட்ஸில் நாற்பது லட்சம் மாறிகள். முழு அணியைச் சேமிக்க 250 டெராபைட்டுக்கும் மேல் வேண்டும். இது நடவாது. தொலைவிலுள்ள கூறுகளைக் குழுக்களாக்கிப் பல படிநிலைகளில் கையாளும் வேகப் பன்முனை முறை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. 77 கிகாஹெர்ட்ஸில் மாறிகள் 65 கோடியைத் தாண்டும். அங்கே கதிர்களைத் துரத்தி, அவை பட்ட இடத்தில் மின்னோட்டத்தை மதிப்பிடும் முறைகளே நடைமுறைக்கு உகந்தவை.

இடைப்பட்ட வழியாகக் கலப்பு முறைகள் உண்டு. ஆண்டெனாவையும் அதைச் சுற்றிய சில அலைநீளப் பரப்பையும் உந்த முறையால் துல்லியமாகத் தீர்த்து, மீதி உடலை இயற்பியல் ஒளியியல் முறைக்கோ (அலை படும் பரப்பின் மின்னோட்டத்தைத் தோராயமாக மதிப்பிடுவது), 1962இல் ஜோசஃப் கெல்லர் தொடங்கி 1974இல் குயூம்ஜியானும் பதக்கும் செம்மைப்படுத்திய விளிம்பு விளைவுக் கோட்பாட்டுக்கோ விட்டுவிடலாம். நான் பெரும்பாலும் இதையே பரிந்துரைப்பேன். காரணம், சுமையைப் பொறுத்த பகுதி முழுவதும் ஆண்டெனாவின் அடிப்பாகத்தில் ஒளிந்திருக்கிறது. அங்கே தோராயம் கூடாது. காரின் பின்கதவு வளைவில் தோராயம் இருந்தால் பெரிய இழப்பு இல்லை. 1966இல் கேன் யீ தந்த, புலத்தைச் சிறு கனசதுரங்களில் நேரப் படிகளாகக் கணக்கிடும் முறை, கண்ணாடி, நுரை, பிளாஸ்டிக் எனப் பலபொருள் கலந்த சிறு அமைப்புகளுக்கும் ஒரே ஓட்டத்தில் அகன்ற பட்டை வேண்டும்போதும் நல்லது. ஆனால் முழு வாகனத்தையும் கனசதுரங்களாக வெட்டும்போது சாய்ந்த பரப்புகள் படிக்கட்டுகளாகி, அந்தப் படிக்கட்டுகளே பொய்யாகச் சிதறடிக்கும்.

ஆறாம் படி: மாதிரியைக் கட்டுதலும் சோதித்தலும்

உற்பத்தி வரைபடத்தை அப்படியே மென்பொருளில் ஏற்றாதீர்கள். இருக்கைகள், திருகுகள், உள்ளே மறைந்த தகடுகள் எல்லாம் நீக்கப்பட வேண்டும். மாறாக, அலை ஊடுருவும் மெல்லிய இடைவெளிகளை வைத்துக்கொள்ள வேண்டும். கதவு இடுக்கின் நீளம் அரை அலைநீளத்தை நெருங்கும் இடங்களில் அது தானே ஓர் ஆண்டெனா ஆகிவிடும். ஆண்டெனாவின் அடியிலுள்ள முக்கோணங்களைப் பத்தில் ஒன்றுக்குப் பதிலாக முப்பதில் ஒன்றுக்கு நுணுக்குங்கள். அடித்தகடு கூரையின் உலோகத்தைத் தொடுகிறதா, வண்ணப்பூச்சின் மேல் அமர்ந்திருக்கிறதா என்று நேரில் பாருங்கள். பூச்சு இருந்தால் அங்கே உலோகத் தொடர்பு இல்லை, ஒரு மின்தேக்கி இருக்கிறது. மாதிரியிலும் அதையே வைக்க வேண்டும்.

சோதனைக்கு மூன்று வழிகளை நான் விடுவதே இல்லை. முதலில், வாகனத்துக்குப் பதில் உலோகக் கோளத்தை வைத்து ஓட்டி, அறியப்பட்ட தீர்வோடு ஒப்பிடுவது. அடுத்து, அனுப்பும் திசையையும் பார்க்கும் திசையையும் இடம் மாற்றி, விடை மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. கடைசியாக, முக்கோணக் கண்ணியை ஒன்றரை மடங்கு நுணுக்கி மறுபடி ஓட்டுவது. மூடிய உடலுக்கு மின்புலச் சமன்பாட்டை மட்டும் பயன்படுத்தினால் உட்புற ஒத்ததிர்வு அதிர்வெண்களில் விடை தடம்புரளும். மின்புலமும் காந்தப்புலமும் இணைந்த சமன்பாட்டுக்கு மாறுங்கள். சன்னல் திறந்த உடலுக்கு அந்த மாற்றம் பொருந்தாது.

கோண இடைவெளியிலும் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு மீட்டர் இடைவெளியில் இரு சிதறிகள் இருந்தால் 10 கிகாஹெர்ட்ஸில் எதிரலையின் ஏற்ற இறக்கம் 0.86 பாகைக்கு ஒரு முறை வரும். 5.9 கிகாஹெர்ட்ஸில் 4.5 மீட்டர் கார் பக்கவாட்டில் தெரியும்போது 0.32 பாகைக்கு ஒரு முறை. ஒரு பாகைக்கு ஒரு புள்ளி என்று எடுத்த வரைபடம் அழகாக இருக்கும். அதில் உண்மை இருக்காது. அந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவான படியில் கணக்கிடுங்கள்.

ஏழாம் படி: அளத்தல்

இந்த வழிகாட்டியின் கனமான பகுதி இதுதான், ஏனெனில் கணக்கில் ஆண்டெனாவை மறையச் செய்வது ஒரு சொடுக்கில் முடியும்; அறையில் முடியாது.

முதலில் தொலைவு. நீளத்தின் வர்க்கத்தை இரட்டித்து அலைநீளத்தால் வகுக்கும் வழக்கமான தொலைபுல வரையறையை முழுக் காருக்குப் போட்டால் 5.9 கிகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 800 மீட்டர் வருகிறது. 77 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. எனவே பிரதிபலிப்பான் கொண்டு சமதள அலையை உருவாக்கும் சிறு தள அறையையோ, அண்மைப் புலத்தில் அளந்து கணிதத்தால் தொலைபுலமாக்கும் வழியையோ நாட வேண்டும். கேள்வி ஆண்டெனாவைப் பற்றி மட்டும் என்றால், கூரையில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி, விளிம்புகளை உறிஞ்சியால் மூடி, சில மீட்டர் தொலைவில் அளப்பது பல நேரங்களில் போதும்.

அளவுத்திருத்தத்துக்கு 30 செ.மீ. விட்டமுள்ள உலோகக் கோளம் நல்ல துணை. 10 கிகாஹெர்ட்ஸில் அதன் குறுக்குப் பரப்பு 0.071 சதுர மீட்டர். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே மதிப்பு, அதனால் வைப்பதில் பிழை வராது. வாகனம் போன்ற பெரிய இலக்குக்கு முக்கோண முகங்களுள்ள மூலைப் பிரதிபலிப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 30 செ.மீ. பக்கமுள்ளது அதே அதிர்வெண்ணில் சுமார் 38 சதுர மீட்டர் தரும்.

இப்போது மையச் சிக்கல். வாகனத்தின் எதிரலை பெரியது. ஆண்டெனாவின் எதிரலை சிறியது. ஆண்டெனா இருக்கும்போது ஒரு முறையும் கழற்றிவிட்டு ஒரு முறையும் அளந்து கழித்தால் போதுமே என்று தோன்றும். இரண்டு அளவுகளுக்கும் இடையே கட்டம் ஒரே ஒரு பாகை நழுவினால், உடலின் எதிரலையைவிட 35 டெசிபெல் மட்டுமே குறைவான மிச்சம் கழித்தலில் தங்கிவிடும். ஆண்டெனா உடலைவிட 30 டெசிபெல் சிறியது என்றால் நமக்கு எஞ்சும் தெளிவு 5 டெசிபெல்தான். 10 கிகாஹெர்ட்ஸில் ஒரு பாகைக் கட்டம் என்பது வாகனம் 0.04 மி.மீ. முன்பின் நகர்வதற்குச் சமம். ஆண்டெனாவைக் கழற்ற ஒருவர் கூரை மீது கை ஊன்றி எழுந்தால் சஸ்பென்ஷன் அதைவிடப் பல மடங்கு நகர்ந்து, வேறோர் இடத்தில் நிற்கும். வாகனத்தைச் சக்கரங்களின் மேல் நிற்கவிடாமல் இரும்புத் தாங்கிகளின் மீது ஏற்றுவது கட்டாயம், அதுவும் போதாது.

ஆகவே வாகனத்தைத் தொடாமல் சுமையை மட்டும் மாற்றுங்கள். ஆண்டெனாவின் அடியில், கூரைக்குக் கீழே, 50 ஓம் சுமை, திறந்த முனை, குறுக்கிணைப்பு ஆகிய மூன்றுக்கும் மாறும் மின்னணுச் சுவிட்சை வையுங்கள். கூரையே திரையாக நிற்பதால் சுவிட்சின் கம்பிகள் ரேடாருக்குத் தெரியாது. மூன்று நிலைகளிலும் சிதறல் புலத்தின் வீச்சையும் கட்டத்தையும் எடுங்கள். திறந்த நிலைப் புலத்திலிருந்து 50 ஓம் நிலைப் புலத்தைக் கழித்து வருவதை "அ" என்போம்; குறுக்கிணைப்புப் புலத்திலிருந்து அதையே கழித்து வருவதை "ஆ" என்போம். அப்போது:

ஆண்டெனாவின் சொந்தப் பிரதிபலிப்புக் குணகம் = (அ + ஆ) ÷ (அ − ஆ)

ஆண்டெனாப் பகுதியின் முழு வீச்சு = −2 × அ × ஆ ÷ (அ − ஆ)

எண்களோடு பார்ப்போம். அ 1.25 என்றும் ஆ −0.833 என்றும் வந்தால், கூட்டல் 0.417, கழித்தல் 2.083, குணகம் 0.2, முழு வீச்சு 1. கழித்தலின் போது வாகனத்தின் எதிரலை, அறையின் எதிரலை, கட்டமைப்புப் பகுதி மூன்றும் ஒன்றாக மறைந்துவிடுகின்றன. இதன் பெரிய பலன் அடுத்தது: சிதறலை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்த அந்தக் குணகத்தை, ஆண்டெனாவின் முனையில் வெக்டார் நெட்வொர்க் அனலைசரை (பிரதிபலிப்பின் வீச்சையும் கட்டத்தையும் அளக்கும் கருவி) நேரடியாக இணைத்து அளந்த மதிப்போடு ஒப்பிடலாம். முற்றிலும் வேறான இரு வழிகளில் வந்த எண்கள் ஒத்துப்போனால் முழு அளவீட்டுச் சங்கிலியும் சரி. ஒத்துப்போகாவிட்டால், சுவிட்சின் திறந்த நிலையும் குறுக்கிணைப்பும் சரியாக 1, −1 என்ற குணகங்களைத் தருகின்றனவா என்று முதலில் சந்தேகியுங்கள். உயர் அதிர்வெண்ணில் அவை தருவதே இல்லை. சுவிட்சின் உண்மையான மூன்று குணகங்களை அளந்து சமன்பாட்டில் இட வேண்டும்.

சுவிட்சை நொடிக்கு ஆயிரம் முறை மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னொரு வசதி கிடைக்கிறது. வாகனத்தின் அசையாத எதிரலை ரேடாரின் அதிர்வெண்ணிலேயே நிற்கும். ஆண்டெனாவின் மாறும் பகுதி மட்டும் அதிலிருந்து ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருபுறமும் தோன்றும். புல அளவீட்டுக்காக ரிச்மண்ட் 1955இல் முன்வைத்த பண்பேற்றச் சிதறல் உத்தி இது. பிரதிபலித்த ஆற்றலால் செய்தி அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948இல் காட்டியதும், தொலைவிலிருந்து வானலையால் படிக்கப்படும் இன்றைய ஆர்எஃப்ஐடி அடையாள வில்லைகள் இயங்குவதும் இதே அடிப்படையில்தான். இதற்கு ஒரு வரம்பு உண்டு. கட்டமைப்புப் பகுதி மாறாதது என்பதால் இந்த வழியில் அது தெரியவே தெரியாது. அதற்கு நேரச் சாளரத்தைத்தான், அதாவது குறிப்பிட்ட தாமதத்தில் வரும் எதிரலையை மட்டும் பிரித்தெடுப்பதைத்தான், நம்ப வேண்டும். ஒரு கிகாஹெர்ட்ஸ் பட்டையகலம் 15 செ.மீ. பிரிதிறன் தரும், அடிப்பாகத்தையும் கூரை விளிம்பையும் பிரிக்க அது போதும்.

எட்டாம் படி: குறைத்தல்

எந்தப் பகுதி பெரியது என்று தெரிந்த பிறகுதான் மருந்தைத் தேட வேண்டும். ஆண்டெனாப் பகுதி பெரிதென்றால் முனைப் பொருத்தத்தை மேம்படுத்துங்கள், அல்லது ஆண்டெனாவுக்கும் பெருக்கிக்கும் இடையே ஐசொலேட்டர் (அலையை ஒரே திசையில் மட்டும் விடும் கருவி) வையுங்கள். ஆனால் இரண்டும் பணிப்பட்டைக்குள் மட்டுமே உதவும். பட்டைக்கு வெளியே எந்த ஆண்டெனாவும் பொருந்தாது. அங்கே அதிர்வெண் தேர்வு செய்யும் உறை ஆண்டெனாவை மறைத்து அலையை வேறு திசைக்குத் தள்ள வேண்டும். கட்டமைப்புப் பகுதி பெரிதென்றால் சுமையில் என்ன செய்தும் பெரிய பலன் இல்லை: உயரத்தைக் குறைப்பது, அடிப்பாகத்தின் செங்கோணத்தைச் சாய்ப்பது, தட்டையான அணிவரிசையைச் சில பாகை சாய்த்து வைப்பது ஆகியவையே வழி. டைபோலில் கண்டது போல இரு பகுதிகளையும் எதிர்க்கட்டத்தில் மோதவிட்டு அழிக்கலாம் என்ற யோசனை கவர்ச்சியானது. ஒரு கோணத்தில், ஒரு அதிர்வெண்ணில் அது அற்புதமாக வேலை செய்யும், இரண்டு பாகை நகர்ந்தால் நிலைமை தலைகீழாகலாம். அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அறிக்கை எழுதும்போது குறுக்குப் பரப்பின் எண்ணோடு இவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்: முனையில் இருந்த சுமை, கேபிளின் நீளமும் வேகக் காரணியும் (மேலே சொன்ன 0.66 போன்றது), பெருக்கிக்கு மின்சாரம் இருந்ததா, கட்டமைப்புப் பகுதிக்கு எடுத்த அடிப்படைச் சுமை, முனைவாக்கம், கோணப் படி, அடித்தகடு உலோகத்தைத் தொட்டதா பூச்சின் மேல் அமர்ந்ததா, சன்னல்கள் மூடியிருந்தனவா. முழு வாகனத்தில் மறு அளவீடு செய்ய வருபவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கேபிளின் நீளத்தைத்தான்.